ஐந்தாவது ஒயர்

காட்டெருமை முதுகு தேய்த்த இடம்
சுவரில் முடியோடு தெரிகிறது.
அதற்கென்ன, அரித்திருக்கிறது.
பைப் இடுப்பொடிந்து
உள்ளே ஒயர்களைக் கவ்விக்கொண்டு நிற்கிறது.
இழுத்துப் பார்த்தேன்,
இந்தப் பக்கமும் வரவில்லை,
அந்தப் பக்கமும் போகவில்லை.

கேத்தி பாலாடா, ஜனவரி, காலை ஆறரை.
பாத்தியெல்லாம் உறைபனி உப்பு.
கேரட் கழுவும் மெஷின் வாய் திறந்து கிடக்க
பக்கத்தில் தொண்ணூறு மூட்டை, மண்ணோடு.
மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரி
இன்ஜினை அணைக்காமல் இருமுகிறது.
"நறுக்குன்னு அறுத்து மாட்டும்மா" என்கிறார் போஜாகவுடர்.
நறுக்கென்று அறுத்த ஒருவரை எனக்குத் தெரியும்.
அருவங்காட்டில் இப்போது இடது கையால் டீ குடிக்கிறார்.

மூன்று பியூஸ் கேரியரையும் பிடுங்கி
ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டேன்.
பீங்கான், நெஞ்சில் ஜில்லென்று.
போர்டிலேயே விட்டுவைத்தால்
யாராவது நல்லவர் வந்து செருகிவிடுவார்.

டெஸ்டரை மீட்டர் பக்கம் தொட்டேன், எரிந்தது. சரி.
ஷெட்டில் பெட்டியைத் திறந்தேன்.
சிவப்பு, இல்லை. மஞ்சள், இல்லை.
நீலம், கருப்பு, இல்லை.
எழப்போகும்போதுதான் பார்த்தேன்,
நாலுக்கும் பின்னால் ஒடுங்கிக்கொண்டு
வெளிறிய பச்சையில் ஒன்று.
தொட்டேன்.
டெஸ்டருக்குள் குன்றிமணி அளவு நெருப்பு.

"நாலுதான்" என்கிறார் கவுடர்.
"என் பைப்பில் நாலுதான்."

ஒயர் போன வழியே நடந்தேன்.
கூரை விளிம்பேறி, சைப்ரஸில் ஒரு சுற்றுச் சுற்றி
தகர வீடுகளில் மூன்றாவதன் ஜன்னலுக்குள் போகிறது.
மறுமுனை, கக்கூஸ் போகும் பாதையில்
பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த ஒரு பல்பு.

கதவைத் திறந்தவள் பாஹா.
தும்காவிலிருந்து வந்து எட்டு மாசம்.
கூலி, மூட்டை, வாங்க, எருமை: அவ்வளவுதான் தமிழ்.
"ராத்திரி எருமை" என்றாள்,
தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்து.
பல்பு கேட்டிருக்கிறார்கள். கேட்டு மூன்று மாசம்.

பிளக்கைக் காட்டினேன். பைப்பைக் காட்டினேன்.
என்னைக் காட்டிக் கண்ணை மூடி நாக்கைத் தள்ளினேன்.
அவள் சிரிக்கவில்லை.
பிளக்கை உருவி மடியில் வைத்து
அதன்மேல் இரண்டு கையையும் வைத்து
வாசற்படியில் உட்கார்ந்தாள்.
திரும்பப் போய்த் தொட்டேன்.
ஐந்தும் அடங்கியிருந்தன.

குளிரில் பிவிசி அப்பளம் மாதிரி,
நொறுங்கினால் சில்லு உள்ளே குத்தும்.
அவள் அடுப்பிலிருந்து வெந்நீர் வாங்கி
துணி நனைத்துச் சுற்றிவைத்தேன்.
சட்டம் இல்லாத வெறும் பிளேடு,
நகத்தின் கனம் மட்டும் விட்டு டேப் ஒட்டியது.
ஓரிடத்தில் ஆழப்போகாமல்
ஆரஞ்சுத் தோலைக் கீறுவதுபோல் சுற்றிச்சுற்றி.
கண் தூளில் இருக்கவேண்டும்.
வெள்ளையாக உதிரும்வரை அறுக்கலாம்,
ஒரு பொட்டுச் சிவப்போ நீலமோ கலந்தால்
கை அங்கேயே நிற்கவேண்டும்.

வெள்ளை. வெள்ளை.
லாரி ஹாரன் அடித்தது. வெள்ளை.
கவுடர் யாருக்கோ போனில் கத்தினார். வெள்ளை.

ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.
பெயர் கேட்டு அரை மணி ஆகவில்லை,
என் உயிர் அவள் மடியில்
இரண்டு பித்தளைக் காலை நீட்டிக் கிடந்தது.
மூக்கு ஒழுகியது அவளுக்கு.
துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

கடைசியாக மிஞ்சும் காகிதக் கனத்தை
பிளேடால் தொடக்கூடாது.
கட்டைவிரல் இரண்டையும் வைத்து வளைத்தேன்.
டக்.
இன்னொரு பக்கமும் அப்படியே.
எருமை மடித்த இரண்டடி கையோடு வந்தது,
ஐந்து ஒயரும் வெயிலில் கூசிக்கொண்டு நின்றன.

புதுப் பைப்பை நீளவாட்டில் பிளந்து போர்த்தி
பிளவைச் சுவர் பார்க்கத் திருப்பி கிளாம்ப் அடித்தேன்.
பச்சையை உருவித் தனிக் குழாயில் விட்டேன்.
பாஹாவின் ஜன்னலோரம் சின்னதாய் ஒரு பெட்டி.
பிறகுதான் நெஞ்சிலிருந்த மூன்றையும் செருகினேன்,
சூடேறியிருந்தன.

மெஷின் சுற்ற, முதல் மூட்டை சிவந்துகொண்டிருந்தபோது
பில் எழுதினேன்.
பைப் இரண்டு. கிளாம்ப் எட்டு.
பியூஸ் ஒன்று.

"பியூஸ் எதுக்கு?"

"எருமைக்கு" என்றேன்.

கவுடர் பாதையைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார்.
நான் பேனாவை மூடாமல் நின்றேன்.